தெருநாய்க்கு வீடு தேடுவதும் ஓர் அமானிதம்தான்

கடந்த சில மாதங்களாக பதுளையில் என்னைக் காண்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "நீங்க நாய் வளர்க்கிறீங்களாமே?" சிலர் சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள், சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்கிறார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் வைத்துக் கேட்டவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் நாய் வளர்க்கவில்லை. அடிபட்டுக் கிடந்த ஒரு தெருநாயை இரண்டு மாதம் கடையின் பின்பக்கத்தில் வைத்துப் பராமரித்து, தோட்டத்துக் குடும்பம் ஒன்றிடம் ஒப்படைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் மார்க்கத்தைப் பற்றியும், நோயைப் பற்றியும், என்னைப் பற்றியும் நான் தெரிந்துகொண்டவை கொஞ்சமல்ல. நம்மில் பலருக்கு இதே நிலை வரும். வாசலில் ஒரு நாய் அடிபட்டுக் கிடக்கும். தொடுவதா, விடுவதா என்று தெரியாது. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

எனக்கு பதுளை நகரில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. வாப்பா காலத்துக் கடை. ஒரு மழை நாளில் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து கடை திறக்கும்போது, படிக்கட்டுக்குக் கீழே ஒரு நாய் முனகிக்கொண்டு கிடந்தது. பெட்டை நாய். செம்மண் நிறம், ஒரு வயது இருக்கலாம். இரவில் ஏதோ வாகனம் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. பின்னங்கால் ஒன்று முறிந்து தொங்கியது. கழுத்தில் அறுந்த கயிற்றுத் துண்டு இருந்தது. யாரோ ஒரு காலத்தில் வளர்த்த நாய்.

கடைப் பையன், "தண்ணி ஊத்தி விரட்டவா முதலாளி?" என்று கேட்டான். நானும் தலையாட்டத்தான் போனேன். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஒரு பழைய பெட்டி

ஆறேழு வருடங்களுக்கு முன் எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு நாய் நான்கு குட்டிகள் போட்டது. நான்கும் பெட்டை. வாடிக்கையாளர்கள் முறைப்பாடு சொன்னார்கள். கொல்ல மனம் வரவில்லை. கண் திறந்து பால் குடிக்கும் குட்டிகளை ஒரு காட்போட் பெட்டியில் போட்டு, சரக்கு கொண்டுபோன லொறியில் ஏற்றி, பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில் இறக்கிவிடச் சொன்னேன். "அங்க லயத்துச் சனம் சாப்பாடு போடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். கொல்லவில்லை அல்லவா, அதை நான் கருணை என்றே நினைத்தேன்.

இதை நான் மட்டும் செய்யவில்லை. ஊவாவில் நகரத்தவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளை என்று எந்த ஊரை எடுத்தாலும், ஊருக்கு வெளியே தேயிலை மலை தொடங்கும் இடத்தில் ஒரு வளைவு இருக்கும். வேண்டாத குட்டிகள் போய்ச் சேரும் இடம் அது. கண்ணுக்கு மறைந்தால் பிரச்சினை தீர்ந்தது என்பது நம் கணக்கு. அந்தக் குட்டிகளில் பல பசியிலும் குளிரிலும் செத்துப்போகும். பிழைத்த ஒன்றிரண்டு ஒரு வருடத்துக்குள் தாயாகும். நாயின் கர்ப்பகாலம் இரண்டு மாதம்தான். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். தடுப்பூசி கிடையாது. அந்த நாய்களுக்கு நடுவில்தான் லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

சில வருடம் கழித்து, சம்பளத் திகதியில் சாமான் வாங்க வரும் அந்தத் தோட்டத்து அக்கா ஒருவர், தன் மகளை வளைவுப் பக்கத்து நாய் கடித்துவிட்டதாகச் சொன்னார். ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் பல தடவை அலைந்தார்களாம். ஒவ்வொரு தடவையும் பஸ் காசும் போய், ஒருநாள் கூலியும் போய்விடும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கடித்தது நான் அனுப்பிய குட்டிகளின் வம்சமா, வேறு நாயா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். நான் அன்று வாய் திறக்கவில்லை. சீனியை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

படிக்கட்டின் கீழ் அந்தச் செம்மண் நாயைப் பார்த்தபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. இன்னொரு பெட்டியை எடுக்க மனம் துணியவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலில் எழும் கேள்வி இதுதான். நாய் நஜீஸ் அல்லவா, நாய் உள்ள வீட்டுக்கு மலக்குகள் வரமாட்டார்களே என்று என் உம்மாவே கேட்டார். நம்மில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அந்த மத்ஹபில் நாய் கடுமையான நஜீஸ். அதன் எச்சிலோ, ஈரமான உடலோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். மாலிக்கி மத்ஹபின் கருத்து வேறு. ஆனால் நான் என் மத்ஹபிலேயே நின்றேன். அதில் எனக்கு எந்தச் சிரமமும் வரவில்லை.

எங்கள் ஹஸ்ரத்திடம் போய் விளக்கம் கேட்டேன். அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். நஜீஸ் என்பது எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்லும் சட்டம். அந்த உயிரை வதைக்கலாம் என்பதற்கான அனுமதி அதில் இல்லை. நம் உடலில் ஓடும் இரத்தமும்தான் வெளியே வந்தால் நஜீஸ். அதற்காகக் காயப்பட்டவரை யாரும் தூக்காமல் விடுவதில்லை. தூக்கிவிட்டுக் கழுவிக்கொள்கிறோம். உலர்ந்த கை உலர்ந்த ரோமத்தில் பட்டால் நஜீஸ் ஒட்டுவதில்லை. ஈரம் பட்டால் கழுவும் முறை இருக்கிறது. அதைச் செய்துவிட்டுத் தொழலாம்.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலணியில் நீர் மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறிவந்து புகட்டிய மனிதரின் சம்பவம் நமக்குத் தெரியும். புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். அல்லாஹ் அவரை மன்னித்தான். மிருகங்களுக்கு உதவினாலும் நற்கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் வியந்து கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றிலும் கூலி உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். நாய்க்கு நீர் கொடுத்ததால் பாவமன்னிப்புப் பெற்ற பனூ இஸ்ராயீல் பெண்ணின் சம்பவமும் இதே கிரந்தங்களில் வருகிறது. ஸூரத்துல் கஹ்ஃபை வெள்ளிக்கிழமை தோறும் ஓதுகிறோம். குகைவாசிகளோடு வாசலில் முன்னங்கால்களை விரித்துப் படுத்திருந்த நாயை அல்லாஹ் அதில் குறிப்பிடுகிறான்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. தேவையில்லாமல் நாய் வைத்திருப்பவரின் நன்மையில் தினமும் ஒரு கீராத் குறையும் என்ற ஹதீஸும் ஆதாரபூர்வமானதே. அதே ஹதீஸில் விதிவிலக்கும் உண்டு. கால்நடைக் காவல், வேட்டை, பயிர்க் காவல் ஆகியவற்றுக்கு நாய் வைத்திருக்கலாம். வீட்டுக் காவலை இவற்றோடு ஒப்பிட்டு அனுமதித்த ஷாபிஈ அறிஞர்களும் இருக்கிறார்கள். கடித்துத் தீங்கு செய்யும் நாயின் சட்டமும் வேறு.

ஆக, கட்டில் மெத்தையில் நாயைப் படுக்கவைத்துக் கொஞ்சுவது நம் வழியல்ல. அதேநேரம் அடிபட்ட நாயைக் கல்லால் அடித்து விரட்டுவதும் நம் வழியல்ல. காயத்துக்கு மருந்து போட்டு, தேவை உள்ள இடத்தில் சேர்த்துவிடுவதற்கு மார்க்கத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. இன்னொரு விடயமும் தெரிந்துகொண்டேன். நாயின் கிரயத்தை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். எனவே வீடு தேடும்போது யாரிடமும் ஒரு சதமும் வாங்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் உங்கள் பாதுகாப்பு

இரக்கப்பட்டு வெறும் கையால் தூக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையே கடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, விசர்நாய்க்கடி என்று நாம் சொல்லும் நீர்வெறுப்பு நோய். நோய்க்குறி தோன்றிவிட்டால் மனிதருக்கும் நாய்க்கும் ஏறத்தாழ மரணம் நிச்சயம். உலகில் மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்கு 99 நாய்கள் மூலமே வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நாய் காரணமில்லாமல் வெறிகொண்டு கண்டதையெல்லாம் கடிப்பது, எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் தவிப்பது, குரைக்கும் குரல் மாறுவது, பின்னங்கால்கள் தள்ளாடுவது ஆகியவை அபாய அறிகுறிகள். சில நாய்கள் வெறிகொள்ளாமல் மூலையில் ஒடுங்கியும் கிடக்கும். இப்படி ஏதும் தெரிந்தால் கிட்டப் போக வேண்டாம். பிள்ளைகளை உள்ளே எடுத்துவிட்டு, உங்கள் பிரதேச பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

நாங்கள் செய்தது இதுதான். தடித்த சாக்கொன்றைக் கையில் சுற்றிக்கொண்டோம். ஒரு பழைய துணியைப் பட்டியாக்கி நாயின் வாயைச் சுற்றிக் கட்டினோம். மூச்சு விட இடம் இருக்க வேண்டும், மூக்கை அடைக்கக் கூடாது. முறிந்த காலை நிமிர்த்தவோ இழுக்கவோ போகவில்லை. ஒரு பலகைத் துண்டின் மேல் மெதுவாக நகர்த்தி, ஓட்டோவின் பின்புறம் சாக்கு விரித்துக் கிடத்தி, கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். ஓட்டோக்காரத் தம்பி சிங்கள இளைஞர். காசு வாங்க மறுத்துவிட்டார். "பின் சித்த வெனவா" என்றார். புண்ணியம் கிடைக்கும் என்று அர்த்தம்.

தப்பித்தவறிக் கடித்துவிட்டால் என்ன செய்வது? கடித்த இடத்தை உடனே ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்த 15 நிமிடம் பாதி மருந்து போன்றது. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்ப வேண்டாம். பார்வை பார்க்கப் போய் நேரத்தைக் கடத்த வேண்டாம். நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். எத்தனை ஊசி என்பதை வைத்தியர் முடிவு செய்வார். சொன்ன நாளில் போய் முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடுவதும் தவறு. அது உயிரோடு இருந்து, பத்து முதல் பதினான்கு நாள் கண்காணிக்க முடிந்தால் வைத்தியருக்கு முடிவெடுப்பது இலகுவாகும். வெறும் கீறல்தானே, குட்டி நாய்தானே என்று விட்டவர்களும் இறந்திருக்கிறார்கள்.

மருந்தும் கருத்தடையும்

வைத்தியர் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம் நடமாட்டத்தைக் குறைக்க வேண்டும் என்றார். பூச்சி மருந்து, சொறிக்கு மருந்து, நீர்வெறுப்புத் தடுப்பூசி எல்லாம் கொடுத்தார். தடுப்பூசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம் என்றும் எச்சரித்தார். நோய்க்கிருமி ஏற்கனவே உடலில் புகுந்திருந்தால், வெளியே தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். அதனால் பிள்ளைகளையும் மற்ற மிருகங்களையும் விலக்கி, தனியாக வைத்து, அதன் போக்கைக் கவனிக்கச் சொன்னார்.

கடையின் பின்புறத்தில் பழைய தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் மரப்பெட்டிகளை அடுக்கி மறைப்புக் கட்டினோம். வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு டின்னில் சுத்தமான மண், அதற்கென்றே ஒரு சாரம். சாப்பாட்டுப் பாத்திரம் தனி. வேலை முடிந்ததும் சாரத்தைக் கழற்றிவிட்டு, கையை ஏழு தடவை கழுவுவேன். முதல் வாரம் உம்மா ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பார். "ஆறுதான் மகன் ஆச்சு" என்று குரல் வரும். மூன்றாவது வாரம் அவரே மீதிச் சோற்றில் மீன்தலையைப் பிசைந்து மூடி வைக்கத் தொடங்கினார். வேகவைத்த கோழி எலும்பு போட வேண்டாம், உடைந்து தொண்டையில் குத்தும் என்று வைத்தியர் சொன்னதை, கடைப் பையனுக்கு நினைவூட்டுவதும் உம்மாதான்.

மாவுக்கட்டு அவிழ்த்த பிறகு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தோம். இதைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. அல்லாஹ்வின் படைப்பில் கைவைப்பதா என்று கேட்கிறார்கள். தீங்கைத் தடுக்கும் தேவை இருந்தால் ஆகும் என்று சமகால உலமாக்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஐயம் இருப்பவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை, பெட்டிபெட்டியாகக் குட்டிகளை மலைவளைவில் வீசுவதைவிட இது எவ்வளவோ மேல். காயம் ஆற பத்து நாள் எடுத்தது. அத்தோடு இரண்டு மாதம் முடிந்தது.

வீடு தேடிய கதை

எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது வீடு தேடுவதுதான். கொழும்பில் ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய 'எம்பார்க்' போன்ற அமைப்புகள் தெருநாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கின்றன. கண்டியிலும் நாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி வேலைகளைச் செய்யும் அமைப்பு இருக்கிறது. பதுளையில் கடை வைத்திருக்கும் எனக்கு, என் வாடிக்கையாளர்கள்தான் அமைப்பு.

மூன்று பேர் கேட்டு வந்தார்கள். ஒருவர் வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டக்காரர். காவலுக்கு வேண்டும் என்றார். நல்ல தேவைதான். எங்கே கட்டுவீர்கள், எப்போது அவிழ்ப்பீர்கள் என்று கேட்டேன். "அவிழ்க்கவா? சங்கிலியிலதான் கிடக்கும்" என்றார். மறுத்துவிட்டேன். இரண்டாமவர் குட்டி போடுமா என்று கேட்டார், விற்கலாம் என்ற நோக்கம். மூன்றாமவர் பிள்ளை அழுகிறாள், ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறேன் என்றார். ஒரு மாதம் கழித்து அது மறுபடி எந்த வளைவில் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

நான்காவதாக வந்தவர், நான் முன்பு சொன்ன அதே தோட்டத்து அக்கா. சம்பளத்துக்கு வந்தவர் கொட்டகையில் நாயைப் பார்த்துவிட்டார். லயத்துக்குப் பக்கத்தில் லீக்ஸும் போஞ்சியும் போட்டிருக்கிறார்களாம். காட்டுப்பன்றி இரவில் வந்து எல்லாவற்றையும் கிளறிப் போட்டுவிடுகிறதாம். முன்பு இருந்த நாய் வயதாகிச் செத்துப்போனதாம். "எங்களுக்குக் குடுப்பீங்களா மொதலாளி?" என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. இவரிடமா கொடுப்பது? எந்த முகத்தோடு? கடைசியில் பழைய கதையைச் சொல்லிவிட்டேன். ஆறேழு வருடத்துக்கு முன் அந்த வளைவில் குட்டிகளை இறக்கச் சொன்னது நான்தான் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியுங்க மொதலாளி. பெட்டியில உங்க கடைப் பேரு எழுதியிருந்துச்சு" என்றார்.

மொத்த வியாபாரி எழுதி அனுப்பும் பெயர். நான் அதைக் கவனிக்கவே இல்லை. இத்தனை வருடம் அந்தப் பெண் இதைத் தெரிந்துகொண்டே என் கடையில் சாமான் வாங்கியிருக்கிறார். மகளைக் கடித்ததைச் சொன்ன அன்றும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். அவர் அன்று என்னிடமிருந்து ஒரு வார்த்தையை எதிர்பார்த்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று சொல்ல வேண்டிய மன்னிப்பை அன்றுதான் கேட்டேன். "அது கெடக்குதுங்க. இதுக்கு ஊசி போட்டாச்சா? குட்டி போடாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். ஊசி அட்டையை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு நானே நாயைக் கொண்டுபோனேன். முதலில் இடத்தைப் பார்த்தேன். லயத்தின் ஓரத்தில் மழைபடாத தாழ்வாரம். பகலில் கட்ட நீளமான கயிறு, இரவில் தோட்டப் பக்கம் அவிழ்த்துவிட வேலி. வாசலில் சின்ன வைரவர் சூலம் ஒன்று. நாய் வைரவரின் வாகனம், அதைப் பட்டினி போடமாட்டோம் என்று அந்த அக்காவின் கணவர் சொன்னார். முன்பு கடிபட்ட மகள் இப்போது பெரிய பிள்ளை. தூரத்திலேயே நின்றாள். அவளை அவசரப்படுத்த வேண்டாம், அவளாக வரட்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு மூடை அரிசியையும் நாயின் சாரத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். பழகிய வாசனை பக்கத்தில் இருந்தால் புது இடத்தில் நாய் ஓடிப்போகாது என்பது வைத்தியர் சொன்ன யோசனை. முதல் பத்து நாள் கட்டியே வைத்திருக்கவும் சொன்னார்.

ஒரு நிபந்தனையும் போட்டேன். வைத்திருக்க முடியாவிட்டால் வளைவில் விடக் கூடாது, என்னிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும். வருடா வருடம் தடுப்பூசி என் பொறுப்பு. நாயை ஒப்படைத்ததோடு நம் வேலை முடிவதில்லை. ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும், பிறகு ஊசி நாளிலும் விசாரிக்க வேண்டும். அமானிதம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அகற்றினால் தீருமா?

இவ்வளவு சிரமம் எதற்கு, எல்லா நாய்களையும் பிடித்துக்கொண்டுபோனால் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. நாய்க்கடியால் அவதிப்பட்டவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வழியை உலகம் பார்த்துவிட்டது. 1910இல் இஸ்தான்பூலில் பல்லாயிரம் தெருநாய்களைப் பிடித்து, மர்மரா கடலில் உள்ள வறண்ட தீவொன்றில் இறக்கிவிட்டார்கள். அவை பசியிலும் தாகத்திலும் ஒன்றையொன்று தின்று மடிந்தன. அந்த நகரத்தில் இன்றும் தெருநாய்கள் உண்டு. 2025 ஆகஸ்ட் 11இல் இந்திய உச்ச நீதிமன்றம் டில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. பதினொரு நாளில் அதைத் திருத்தியது. நோயுள்ள, மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது.

நம் நாட்டில் 1893ஆம் ஆண்டு நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் தொட்டு நாய்களைப் பிடித்துக் கொல்வதே வழக்கமாக இருந்தது. 2006இல் அது நிறுத்தப்பட்டது. 1973இல் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். அண்மைய வருடங்களில் அது இருபது முப்பதை ஒட்டிய எண்ணிக்கைக்கு இறங்கியிருக்கிறது. நாய்களுக்குத் தடுப்பூசி, கடிபட்டவருக்கு இலவச ஊசி ஆகியவையே இதற்குப் பெரிதும் உதவின. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் அங்கே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தடுப்பூசி போட்ட நாய்களை அகற்றினால், அந்த இடத்துக்குத் தடுப்பூசி போடாத நாய்கள் வந்துசேரும்.

இன்னொன்றையும் ஊவாக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். தெருவில் நிற்கும் நாய்கள் எல்லாம் விரட்டப்பட்டவை அல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளால் பதுளை மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை விட்டு முகாம்களுக்குப் போயின. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது நாயை அழைத்துப்போக யாரால் முடியும்? எங்கள் கடை வாசலில் கிடந்ததன் கழுத்திலும் கயிறு இருந்தது. அதைக் கட்டியவர் யார், எங்கே போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊராக என்ன செய்யலாம்?

ஒவ்வொருவரும் நாயைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்று காரியம் போதும்.

முதலாவது, குட்டிகளைப் பெட்டியில் போட்டுத் தோட்டத்துக்கு அனுப்புவதை இன்றோடு நிறுத்துவோம். நம் வாசலில் உள்ள பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்ய ஓரளவு செலவு ஆகும்தான். நாலு கடைக்காரர் சேர்ந்தால் பாரமே தெரியாது.

இரண்டாவது, கால்நடை வைத்திய அலுவலகமும் சுகாதாரப் பிரிவும் நாய்த் தடுப்பூசி முகாம் வைக்கும்போது, நம் பகுதி நாய்களைப் பிடித்துக் கொடுக்க உதவுவோம். வருடந்தோறும் செப்டம்பர் 28 உலக நீர்வெறுப்பு நோய் தினம். அந்த வாரம் ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதைப் பேசினால், கடித்த இடத்தைக் கழுவ வேண்டும் என்ற ஒரு செய்தியாவது எல்லா வீட்டுக்கும் போகும்.

மூன்றாவது, தேவை உள்ள இடத்தையும் நாயையும் இணைத்துவிடுவோம். குருத்தலாவையிலும் வெலிமடைச் சுற்றுவட்டாரத்திலும் மரக்கறித் தோட்டம் செய்யும் நம் சகோதரர்கள் ஏராளம். பயிர்க் காவலுக்கு மார்க்கம் அனுமதித்த நாய் அவர்களுக்குத் தேவைப்படலாம். காசு கொடுத்து வாங்க வேண்டாம். தெருவில் நிற்பதற்கு ஊசி போட்டு, கருத்தடை செய்து எடுத்துக்கொள்ளட்டும்.

சென்ற மாதம் ஊசி போடுவதற்காகத் தோட்டத்துக்குப் போனேன். லீக்ஸ் பாத்திகள் பன்றி கிளறாமல் பச்சையாக நின்றன. நாய்க்கு 'மணி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பின்னங்காலை லேசாக இழுத்துத்தான் நடக்கிறது. என்னைக் கண்டு வாலாட்டியது. ஆனால் எழுந்து வரவில்லை. அந்த மகள் படியில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். மணி அவள் காலடியில் படுத்திருந்தது.

வீடு திரும்பியதும் உம்மா கேட்ட முதல் கேள்வி, "அது சாப்பிடுதா மகன்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "கை கழுவினீங்களா?"

ஏழு தடவையும் கழுவினேன் என்றேன். நம் பாவங்களையும் அல்லாஹ் இப்படியே கழுவி மன்னிப்பானாக. ஆமீன்.